நெஞ்சப் படபடப்பும் தாது உப்புக்களும்



மைசூரிலிருந்து சேலத்திற்குச் செல்ல வழிகள் பல உண்டு. அவற்றுள் எனக்கு மிகவும் உவப்பானது, கொள்ளேகால், ஹனூர் ஆகிய ஊர்களைக் கடந்து மாதேசுவரன் மலைமீது ஏறி, அப்பால் இறங்கி, பாலாற்றைத் தாண்டி மேட்டூரை அடையும் மலைப்பாதையே. பாலாறு என்றதும், நந்தி மலைப் பகுதியில் தோன்றி வாணியம்பாடி வழியாக ஓடும் ஆற்றை நினைத்துவிட வேண்டா. இது வேறு பாலாறு. காடுகளினூடே வந்து மேட்டூர் நீர்த்தேக்கத்தின் தலைப்பில் காவிரியோடு கூடும் சிற்றாறு. அங்கே ஒரு சோதனைச் சாவடியும், சில கடைகளும் உண்டு. கொள்ளேகால் வட்டம் 1956-ஆம் ஆண்டு வரையில் கோயம்புத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. பின்பு மைசூர் மாவட்டத்தில் இருந்தது. 1997 முதல் சாமராசநகர் மாவட்டத்தில் உள்ளது. ஆதலின் அம்மலையூர்களில் தமிழும் கன்னடமும் ஒரே வீட்டில் புழங்குவதை இன்றும் கேட்கலாம்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நாள், அந்தச் சாவடியில் பேருந்து நின்றபோது, என் நெஞ்சும் ஒரு கணம் நின்றது. நின்றது என்றுதான் எனக்குத் தோன்றிற்று. நெஞ்சுக்குள் ஏதோ புரண்டது. ஒரு துடிப்பு காணாமற் போயிற்று. அடுத்த துடிப்பு உள்ளிருந்து யாரோ குத்தியதுபோல் பலமாக விழுந்தது. சிறிது நேரத்தில் மீண்டும் அவ்வாறே. வெளியே மக்கள் தேநீர் அருந்திக்கொண்டிருந்தார்கள். நானோ இருக்கையின் கம்பியை இறுகப் பற்றிக்கொண்டு, ஊரில் உள்ள தாயாரையும், மைசூரில் பள்ளிக்குச் சென்றிருக்கும் மகளையும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பக்கத்தில் கொளத்தூரைச் சேர்ந்த பெரியவர் ஒருவர் இருந்தார். என் முகத்தைப் பார்த்ததும் அவருக்கு விளங்கிவிட்டது. "தம்பி, இந்த இடத்தில் நெஞ்சு அடித்துக்கொள்வது புதிதல்ல. 1993-இல் கண்ணிவெடி வெடித்தது இங்கேதான், அந்நாளில் இந்தப் பாலத்தைத் தாண்டும்போது அடித்துக்கொள்ளாத நெஞ்சே கிடையாது" என்று சிரித்தார். பிறகு தம் பையிலிருந்து மருந்துப் புட்டி ஒன்றை எடுத்தார். சிறுநீரகக் கல்லுக்காக அவருக்கு ஒரு மருத்துவர் எழுதிக்கொடுத்தது அது. அதில் பொட்டாசியமும் மக்னீசியமும் சேர்ந்த உப்பு கரைந்திருந்தது. "கல்லுக்குத்தான் குடித்தேன், தம்பி, நெஞ்சுப் படபடப்பும் நின்று போயிற்று. நீங்களும் வாங்கிக் குடியுங்கள்" என்றார். அவர் கூறியதில் வஞ்சனை இல்லை, பொய்யும் இல்லை. ஆனால் அந்த அன்பான சொல் என்னை எங்குக் கொண்டுபோய் நிறுத்தியது என்பதைப் பின்னர்ச் சொல்லுகிறேன்.

முதலில் அந்தப் படபடப்பு யாதென அறிவோம். நிமிடத்திற்கு 72 வீதம் கணக்கிட்டால், நம் இதயம் ஒரு நாளில் 1,03,680 முறை துடிக்கிறது. வலப்பக்க மேலறையின் சுவரில் உள்ள சிறியதொரு திசுமுடிச்சு இந்தத் தாளத்தைப் போடுகிறது. 1907-இல் கீத், பிளாக் என்னும் இருவர் அதனைக் கண்டறிந்து கூறினர். சில வேளைகளில், இந்த முடிச்சின் ஆணைக்குக் காத்திராமல், இதயத்தின் வேறோர் இடம் தானே முந்திக்கொண்டு ஒரு துடிப்பைப் போட்டுவிடுகிறது. அறை இரத்தத்தால் நிரம்புமுன்னரே துடித்துவிடுவதால், அத்துடிப்பு மணிக்கட்டு வரையில் வந்து எட்டுவதில்லை. நாடி ஒன்று விட்டுப்போனதாகத் தோன்றுகிறது. அதன்பின் சிறிது ஓய்வு. அந்த ஓய்வில் அறை வழக்கத்தினும் மிகுதியாக நிரம்புகிறது. ஆகவே அடுத்த துடிப்பு ஓங்கி விழுகிறது. நாம் 'நெஞ்சு நின்றது' என்று அஞ்சுவது உண்மையில் நெஞ்சு ஒருமுறை அதிகமாக வேலை செய்ததன் விளைவு! 24 மணி நேரம் இதயத்தைப் பதிவுசெய்து பார்த்தால், நோயற்ற மக்களிலும் பெரும்பாலோரிடம் இத்தகைய முந்து துடிப்புக்கள் சிலவேனும் காணப்படும். சிலர் உணர்கிறார்கள், பலர் உணர்வதில்லை. இரவில் இடப்பக்கமாகச் சாய்ந்து படுக்கும்போது, ஓசை அடங்கிய வேளையில், இது நன்கு தெரியும். வெளியூரில் தனியறையில் வாழும் நம்மவர்க்கு அந்த ஓசையடங்கிய வேளை சற்று அதிகம்.

மொழிபெயர்ப்புத் தொழிலைச் செய்பவன் ஆதலால், ஒரு சொல்லைப் பற்றிக் கூறாமல் மேலே செல்ல எனக்கு மனம் வரவில்லை. தமிழில் 'படபடப்பு' என்றால் நெஞ்சின் துடிப்பும் ஆகும், அச்சமும் ஆகும், கோபமும் ஆகும், தேர்வுக்குமுன் மாணவனுக்கு வருவதும் ஆகும். வடநாட்டில் வாழும் நண்பர் ஒருவர், மருத்துவரிடம் சென்று, தாம் அறிந்த இந்தியில் 'கப்ராஹட்' என்று சொன்னார். அச்சொல்லுக்கு மனக்கலக்கம் என்பதே முதற்பொருள். மருத்துவரும் கவலைப்படாதீர் என்று தேற்றித் தூக்கத்திற்கு மருந்து கொடுத்து அனுப்பிவிட்டார். 'தட்கன்' என்று, அதாவது இதயத் துடிப்பு என்று, சொல்லியிருந்தால் கதை வேறாயிருக்கும். கன்னட நாட்டில் 'எதெ படித' என்று சொல்லலாம். எந்த மொழியிலும் ஒரு பெயரைச் சொல்லுவதைவிட, மேசைமீது விரலால் தட்டிக் காட்டுவது மேல். டக், டக், டக். பிறகு விட்டுப்போன இடம். பிறகு ஓங்கி ஒன்று. அல்லது ஒழுங்கே இல்லாமல் கண்டபடி ஓடுகிறதா? அல்லது விளக்கைப் போட்டாற்போல் திடீரென விரைந்து, அணைத்தாற்போல் திடீரென நிற்கிறதா? இம்மூன்றும் மூன்று வேறு செய்திகள். தட்டிக் காட்டினால் எந்த மாநிலத்து மருத்துவருக்கும் விளங்கும். இச்சிறு வித்தை தெரியாமையால் அலைந்தவர்களுள் நானும் ஒருவன்.

இனித் தாது உப்புக்களுக்கு வருவோம். இதயத்திற்கும் உப்புக்கும் உள்ள உறவு ஒரு தற்செயலான பிழையால் உலகுக்குத் தெரிய வந்தது. இலண்டன் நகரில் சிட்னி ரிங்கர் என்றொரு மருத்துவர் இருந்தார். தவளையின் இதயத்தை எடுத்து உப்புநீரில் வைத்தால் அது எவ்வளவு நேரம் துடிக்கும் என்று அவர் ஆராய்ந்தார். வெறுஞ் சோற்றுப்பு கரைந்த நீரிலேயே அது நெடுநேரம் துடித்தது கண்டு 1882-இல் கட்டுரையும் எழுதினார். பின்னர், வடித்துத் தூய்மையாக்கிய நீரில் உப்பைக் கரைத்தபோது இதயம் விரைவில் ஓய்ந்தது. விசாரித்தால், முன்பு பயன்பட்டது வடித்த நீரன்று, குழாய்த் தண்ணீர்! அத்தண்ணீரில் இருந்த கால்சியமே இதயத்தைத் துடிக்க வைத்திருந்தது. ரிங்கர் தம் பிழையை மறைக்கவில்லை. 1883-இல் வெளிப்படையாக எழுதித் திருத்திக்கொண்டார். அதன்பின் ஆராய்ந்ததில் மற்றொன்றும் புலனாயிற்று. கால்சியம் மட்டும் மிகுந்தால் இதயம் இறுகுகிறது. பொட்டாசியம் மிகுந்தால் தளர்ந்து நிற்கிறது. இரண்டும் தக்க அளவில் இருந்தால்தான் துடிப்பு. இன்று நம் மருத்துவமனைகளில் நோயாளியின் கட்டிலருகே 'ரிங்கர் லாக்டேட்' என்று தொங்கும் புட்டி அவர் பெயரைத் தாங்கி நிற்பதே.

பொட்டாசியம் இதயத் திசுவின் உயிரணுக்களுக்கு உள்ளே மிகுதியாகவும், வெளியே இரத்தத்தில் மிகக் குறைவாகவும் இருக்கிறது. இந்த ஏற்றத்தாழ்வே ஒவ்வொரு துடிப்புக்குமான மின்விசையைத் தருகிறது. உள்ளே தள்ளும் வேலையைச் செய்யும் 'பம்பு' ஒன்று உயிரணுவின் சுவரில் இருப்பதை டென்மார்க் நாட்டு ஜென்ஸ் ஸ்கூ 1957-இல் எடுத்துக்காட்டினார். அதற்காக 1997-இல் நோபல் பரிசும் பெற்றார். அந்தப் பம்பு இயங்குவதற்கு மக்னீசியம் இன்றியமையாதது. மக்னீசியம் குறைந்தால் பம்பு சோர்கிறது. சிறுநீரகமும் பொட்டாசியத்தைச் சிறுநீரில் ஒழுகவிடுகிறது. ஆகவே மக்னீசியக் குறை உள்ளவருக்குப் பொட்டாசியத்தை மட்டும் கொடுத்தால், ஓட்டைக் குடத்தில் நீர் வார்த்தது போலத்தான். இவ்விரண்டும் குறைந்த இதயத்தில் முந்து துடிப்புக்கள் மிகும் என்பதில் ஐயமில்லை. பெரியவரின் புட்டி பொய் சொல்லவில்லை என்று நான் கூறியதன் காரணம் இதுவே.

ஆனால் கேள்வி வேறு. குறை இல்லாதவர் இவற்றை உட்கொண்டால் படபடப்பு நீங்குமா? செருமனியில் 232 நோயாளிகளைக் கொண்டு இதனைச் சோதித்து, 1997-இல் முடிவை வெளியிட்டனர். மூன்று வாரம் மக்னீசியமும் பொட்டாசியமும் சேர்த்துக் கொடுத்ததில் முந்து துடிப்புக்களின் எண்ணிக்கை ஏறத்தாழ 17 விழுக்காடு குறைந்தது. குறைந்தும் பயன் என்ன? நோயாளிகள் உணர்ந்த தொல்லையில் மாறுதல் இல்லை. பிரேசில் நாட்டில் 60 பேரைக் கொண்டு செய்து 2012-இல் வெளியான சோதனையோ நேர்மாறாகச் சொல்லிற்று. ஒரு மாதம் மக்னீசியம் உண்டவருள் 93 விழுக்காட்டினர் தொல்லை குறைந்ததாகக் கூறினர். வெற்று மாத்திரை உண்டவருள் அவ்வாறு கூறியவர் 17 விழுக்காட்டினரே. அறுபது பேர் என்பது சிறு கூட்டம். இவ்விரண்டையும் தராசில் வைத்துப் பார்த்தால், 'சிலருக்கு ஓரளவு உதவலாம்' என்பதற்குமேல் ஒரு சொல்லும் கூட்டிச் சொல்ல எனக்குத் துணிவில்லை. கடைகளில் அடுக்கியுள்ள புட்டிகளின் மேல்தாள் எழுதுவோருக்கு அந்தத் துணிவு தாராளமாக உண்டு.

துடிப்பின் எண்ணிக்கையைக் குறைப்பதே குறிக்கோள் என்று எண்ணுவதும் தவறு. அமெரிக்காவில், மாரடைப்பிலிருந்து பிழைத்தவர்களுக்கு முந்து துடிப்புக்களை அடக்கும் வலிய மருந்துகளைக் கொடுத்துப் பெரியதொரு சோதனை நடத்தினார்கள். துடிப்புக்கள் அடங்கின, ஆனால் வெற்று மாத்திரை பெற்றவரைக் காட்டிலும் மருந்து பெற்றவர்களே மிகுதியாக மாண்டனர். 1989-இல் அம்மருந்துகளை நிறுத்த வேண்டியதாயிற்று. ஆகையால்தான், இதயம் நன்றாக இருக்கிறது என்று தெளிந்தபின், தீங்கற்ற முந்து துடிப்புக்களுக்கு மருத்துவர்கள் பெரும்பாலும் மருந்தே கொடுப்பதில்லை. 'ஒன்றும் இல்லை, போய் வாருங்கள்' என்று அவர் சொல்லும்போது நம்மை அலட்சியம் செய்வதாக நாம் வருந்துகிறோம். உண்மையில் அது அவர் கண்டறிந்த முடிவு.

இப்பொழுது என் கதைக்குத் திரும்புகிறேன். சேலத்திலிருந்து மைசூர் மீண்டதும், பெரியவர் சொன்ன மருந்தை, எவரையும் கேளாமல், ஒரு மருந்துக் கடையில் வாங்கினேன். நாள்தோறும் இருமுறை குடித்தேன். பொட்டாசியம் நெஞ்சுக்கு நல்லதாயிற்றே என்று மாலையில் இளநீரும் சேர்த்துக்கொண்டேன். அதற்கு முன்னரே, இரத்த அழுத்தத்தின் பொருட்டு, வீட்டில் சோடியம் குறைந்த உப்பைப் பயன்படுத்தி வந்தோம். அழுத்தத்திற்கு நான் உண்டு வந்த மாத்திரை டெல்மிசார்ட்டன். இவை நான்கும் தனித்தனியே குற்றமற்றவை. மூன்று வாரங்களுக்குப் பின்னும் படபடப்பு நிற்கவில்லையே என்றுதான் மருத்துவரிடம் சென்றேன். அவர் ஈ.சி.ஜி. எடுத்தார், இரத்தத்தையும் சோதிக்கச் சொன்னார். அன்று மாலையே தொலைபேசியில் அழைத்தார். பொட்டாசியம் 5.9 என்றிருந்தது. 3.5 முதல் 5 வரையில் இருக்க வேண்டியது அது.

அவர் கோபிக்கவில்லை. ஒவ்வொன்றாகக் கேட்டு ஒரு தாளில் எழுதினார். டெல்மிசார்ட்டன், லோசார்ட்டன் போன்ற மருந்துகளும், எனலாப்ரில், ராமிப்ரில் போன்ற மருந்துகளும், ஸ்பைரனோலாக்டோன் என்னும் மருந்தும், சிறுநீரகம் பொட்டாசியத்தை வெளியேற்றுவதைக் குறைக்கின்றன. சோடியம் குறைந்த உப்பு என்பது, சோடியத்தின் இடத்தில் ஒரு பகுதி பொட்டாசியத்தை வைத்துச் செய்வது. புட்டியிலும் பொட்டாசியம், இளநீரிலும், 100 மில்லிலிட்டரில் ஏறத்தாழ 250 மில்லிகிராம். வெளியேறும் வாயிலைச் சாத்திவிட்டு, உள்ளே வரும் வாயில்கள் மூன்றையும் திறந்து வைத்திருந்தேன். இன்னும் ஏறியிருந்தால், ரிங்கரின் தவளை இதயத்திற்கு நேர்ந்தது எனக்கும் நேர்ந்திருக்கலாம். இதில் அஞ்சத்தக்கது யாதெனின், பொட்டாசியம் ஏறுவதை உடல் பல வேளைகளில் அறிவிப்பதே இல்லை. எனக்கும் ஓர் அறிகுறியும் இல்லை. படபடப்பைப் பார்க்கச் சென்ற இடத்தில், படபடப்பினும் கொடியதை நானே வளர்த்து வைத்திருந்தது தெரிய வந்தது.

புட்டியும், இளநீரும், அந்த உப்பும் நின்றன. இரண்டு வாரத்தில் அளவு 4.6-க்கு இறங்கியது. இடையே இதயத்தை ஒலியலைகளால் படம் பிடித்துப் பார்த்தார்கள், குறையில்லை. 'ஹோல்ட்டர்' என்னும் சிறு பெட்டியை மார்பில் ஒட்டி ஒரு நாள் முழுதும் பதிவு செய்தார்கள். அமெரிக்கராகிய நார்மன் ஹோல்ட்டர் முதன்முதலில் செய்த கருவி ஏறத்தாழ 38 கிலோ எடை. முதுகில் சுமக்க வேண்டும்! இன்று அது சட்டைப்பைக்குள் அடங்குகிறது. என் பதிவில் முந்து துடிப்புக்கள் சில நூறு இருந்தன. தீங்கு செய்யும் வகை ஒன்றும் இல்லை.

மற்றொன்றையும் அந்த மருத்துவர் கேட்டறிந்தார். நெஞ்செரிச்சலுக்காகப் பல ஆண்டுகளாக நான் பான்டோப்ரசோல் மாத்திரையை நாள்தோறும் விழுங்கி வந்தேன். பேருந்துப் பயணமும் உணவகச் சோறும் ஆக வாழ்பவர்கள் பலரது பையில் அம்மாத்திரை உண்டு. அவ்வகை மருந்தை ஓராண்டுக்கு மேலாக உண்போர் சிலரது உடலில் மக்னீசியம் குறைந்துபோகும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2011-இல் எச்சரித்தது. சிறுநீரை மிகுவிக்கும் அழுத்த மருந்துகளும், நீடித்த வயிற்றுப்போக்கும், மதுவும், கட்டுக்கடங்கா நீரிழிவும் அதனைக் குறைக்கும். சோதித்ததில் எனக்கு மக்னீசியம் சற்றுக் குறைவாகவே இருந்தது. உடலின் மக்னீசியத்தில் நூற்றில் ஒரு பங்குகூட இரத்தத்தில் இல்லை. பாதிக்கு மேல் எலும்பில் இருக்கிறது. ஆதலின் இரத்தத்தில் குறையத் தொடங்கினால் கிடங்கிலும் குறைவு என்று பொருள் கொள்ளலாம். பான்டோப்ரசோலைப் படிப்படியாக நிறுத்தி, சிறுநீரகம் நலமாக உள்ளதா என்று பார்த்தபின், ஒரு மாதத்திற்கு மக்னீசிய மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

படபடப்புக் குறைந்தது. மாத்திரையால் குறைந்ததா, தூக்கம் சீர்ப்பட்டதால் குறைந்ததா, அச்சம் நீங்கியதால் குறைந்ததா என்று கேட்டால் என்னால் அறுதியிட்டுச் சொல்ல இயலாது. மருத்துவரும் சொல்லவில்லை.

மக்னீசியம் உண்போர் அறிந்திருக்க வேண்டியவை சில உள. அளவு மிகுந்தால் முதலில் வயிறு கழியும்; இங்கிலாந்தில் எப்சம் என்னும் ஊர்க் கிணற்று நீர் மலமிளக்கியாகப் புகழ் பெற்றது அதிலிருந்த மக்னீசிய உப்பினால்தான். மாத்திரையாக உண்பது நாளொன்றுக்கு 350 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்று அமெரிக்க நிபுணர்கள் வரையறுத்துள்ளனர். ஆக்சைடு வகை மலிவானது, ஆனால் உடலில் சேர்வது குறைவு. சிட்ரேட் வகை மேலானது. தைராய்டு மாத்திரை உண்போர் இதற்கும் அதற்கும் நான்கு மணி நேரம் இடைவெளி விட வேண்டும். சிறுநீரகக் குறை உள்ளவர் மருத்துவர் சொல்லாமல் மக்னீசியத்தையும் பொட்டாசியத்தையும் தொடலாகாது.

இவ்விடத்தில் நம் சேலத்தை நினையாமலிருக்க முடியவில்லை. பாலாற்றைக் கடந்து, மேட்டூரைத் தாண்டிச் சேலத்தை நெருங்கினால், நகருக்கு வடக்கே வெள்ளை வெளேரென்று கரடுகள் தோன்றும். அந்த வெள்ளைக்கல் மக்னசைட்; மக்னீசியம் கலந்த கல். உலைகளுக்குச் செங்கல் செய்ய அதனை வெட்டுகிறார்கள். மைசூரை அடுத்த தொட்டகன்யா பக்கத்திலும் அக்கல் உண்டு. கல்லை நாம் தின்ன முடியாது. மண்ணிலுள்ள மக்னீசியத்தைப் பயிர்தான் நமக்குத் தின்னத்தக்கதாக்கித் தருகிறது. ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-இல் வெளியிட்ட அட்டவணையின்படி, 100 கிராம் கேழ்வரகில் மக்னீசியம் 146 மில்லிகிராம். தீட்டிய அரிசியில் 19 மில்லிகிராம். செருமானியர் தம் சோதனையில் நாளொன்றுக்குக் கொடுத்த மக்னீசியமும் கணக்கிட்டால் ஏறத்தாழ அதே 146 மில்லிகிராம்தான் வருகிறது. அதாவது, மாதேசுவரன் மலையடிவாரத்து உழவர் உண்ணும் ஒரு வேளைக் களியின் அளவு! உண்பதெல்லாம் உடலிற் சேராது என்பது உண்மை; கேழ்வரகில் உள்ள ஃபைட்டேட் என்னும் பொருள் ஓரளவு தடுக்கும்; முளைகட்டி அரைத்தால் அத்தடை குறையும்.

நம் பாட்டன்மார் கேழ்வரகும் கம்பும் கீரையும் உண்டார்கள். நாம் ஊர் விட்டு ஊர் வந்து, தீட்டிய அரிசியும் மைதாவும் காப்பியுமாக வாழ்கிறோம். (காப்பியைப் பழிக்குமுன் ஒன்று சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் 100 பேரைக் கொண்டு செய்து 2023-இல் வெளியான ஆய்வில், காப்பி குடித்த நாட்களில் இதய மேலறையின் முந்து துடிப்புக்கள் குறிப்பிடத்தக்க அளவில் மிகவில்லை. கீழறைத் துடிப்புக்கள் மிகுந்தன. தூக்கம் அரை மணிக்கு மேல் குறைந்தது. மைசூரில் வாழ்பவனுக்கு இது பாதி ஆறுதல்.) பருப்பு, பயறு, வேர்க்கடலை, எள், கீரை, வாழைப்பழம் ஆகியவற்றில் இவ்விரு தாதுக்களும் உண்டு. நாளொன்றுக்கு 3,510 மில்லிகிராம் பொட்டாசியமாவது உணவில் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2012-இல் கூறியது. காய்களை வேகவைத்த நீரைக் கொட்டிவிட்டால் அதில் ஒரு பங்கு போய்விடும். சிறுநீரக நோயாளிகளுக்கோ அப்படிக் கொட்டச் சொல்லுவார்கள். ஒருவருக்கு அமுதம் மற்றவருக்கு நஞ்சாவது இப்படித்தான்.

படபடப்பு எல்லாம் தீங்கற்றதன்று என்பதையும் கூறியாக வேண்டும். மயக்கம் வந்தாலும், மார்பு வலித்தாலும், மூச்சுத் திணறினாலும், ஓடும்போதோ படியேறும்போதோ துடிப்பு தாறுமாறாக ஆனாலும், குடும்பத்தில் எவரேனும் இளவயதில் திடீரென இறந்திருந்தாலும், தாதுப்புப் புட்டியைத் தேடிக்கொண்டிருக்கலாகாது. உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். நாடி ஒழுங்கே இன்றித் தொடர்ந்து ஓடுமானால் அது மூளைக்குக் குருதிக்கட்டியை அனுப்பவல்ல வேறொரு நோயாக இருக்கலாம். இரத்தசோகை, தைராய்டு மிகுதி, காய்ச்சல், மூக்கடைப்புக்கு உண்ணும் சில மாத்திரைகள், ஆஸ்துமாவுக்கு இழுக்கும் மருந்து, புகையிலை ஆகியவற்றாலும் நெஞ்சு அடித்துக்கொள்ளும். அவற்றை விட்டுவிட்டு மக்னீசியத்தைத் தேடுவது வீண்.

புதிய ஊரில் புதிய மருத்துவரிடம் செல்லும்போது, நீங்கள் உண்ணும் மருந்துகளின் அட்டைகளை எல்லாம் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். வீட்டு உப்பின் உறையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மொழி தெரியாவிட்டாலும் அந்தப் பை பேசும். நான் அன்று நாட்டு மருந்து என்றும், சத்துநீர் என்றும், சமையலுப்பு என்றும் எண்ணி, எவற்றையெல்லாம் 'மருந்து' என்னும் சொல்லில் சேர்க்காமல் விட்டேனோ, அவையே என்னைக் கவிழ்க்க இருந்தன.

சென்ற தைப்பொங்கலுக்கு மீண்டும் அந்த மலைப்பாதையில் ஊருக்குச் சென்றேன். பாலாற்றுச் சாவடியில் பேருந்து நின்றது. பழக்கம் காரணமாகவோ என்னவோ, நெஞ்சில் ஒரு துடிப்பு புரண்டது. மணிக்கட்டில் மூன்று விரல்களை வைத்து, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே ஒரு நிமிடம் எண்ணினேன். எழுபத்தாறு, இடையில் இரண்டு விட்டுப்போயின. அந்தப் பெரியவரை அதன்பின் நான் கண்டதில்லை. கண்டால், அவர் அழுத்தத்திற்கு என்ன மாத்திரை உண்கிறார் என்று கேட்க வேண்டும் என்று நினைத்திருக்கிறேன். ஓட்டுநர் ஏறி அமர்ந்தார். நான் சன்னலைத் திறந்துவிட்டுக் கோவிந்தபாடிப் பக்கத்து நீர்ப்பரப்பைப் பார்க்கலானேன்.